நூற்றிருபத்தோராவது பெயர்

டார்னெய்ட், மெல்பேர்ண்
2024 நவம்பர் 17, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. பதினான்கு மட்டைகள், ஒரு பை.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் நலமா? ஃபோனில் கதைத்தால் பத்து நிமிடத்தில் சண்டை வருகிறது, இனிமேல் ஈமெயிலில் எழுது, எழுதுவதென்றால் ஒழுங்காகச் சுகம் விசாரித்து எழுது என்று சொன்னீர்கள். விசாரித்துவிட்டேன். இனி விஷயம்.

ஒஃபிஸில் சம்பளமில்லாத லீவு எடுத்துவிட்டேன். மார்ச் நடுப்பகுதி வரை. அதுவரை டார்னெய்ட்டின் புதுக் காணிகளை வேறு யாராவது அளக்கட்டும். நான் ராகவியக்காவுக்கு கால்ஃப் பை தூக்கப் போகிறேன்.

சின்னம்மாவின் மகள் கால்ஃப் விளையாடுகிறாள் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் ஹரோவில் சித்தப்பா வேலை செய்த பெட்ரோல் ஷெட்டுக்குப் பின்னால் கால்ஃப் பயிற்சித் திடல் ஒன்று இருந்தது. அவருடைய ஷிஃப்ட் முடியும்வரை பிள்ளையை அங்கே விட்டுவைத்தார்கள். பதின்மூன்று வயதில் கவுண்டி அணி. இருபத்திரண்டில் புரொஃபெஷனல். ஆறு வருடம் இரண்டாந்தரப் போட்டிகள், பிறகு நாலு வருடம் ஐரோப்பாவின் முதல்தரப் போட்டிகள், ஸ்பெயினில் ஒருமுறை இரண்டாம் இடம். தொலைக்காட்சியில் ‘இங்கிலாந்து வீராங்கனை’ என்று தொடங்கிப் பெயரைக் கடித்துத் துப்புவார்கள். போன வருடம் மோசமாக ஆடி அட்டையை இழந்துவிட்டார். அட்டை என்றால் முதல்தரப் போட்டிகளில் ஆடும் உரிமை. அது இல்லாவிட்டால் முப்பத்துமூன்று வயதில் திரும்பவும் அடியிலிருந்து ஏற வேண்டும். ஏற மாட்டார். யாரும் ஏறுவதில்லை.

ஒரு வழி இருக்கிறது. இந்தக் கோடையில் ஆஸ்திரேலியப் போட்டிகளின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று பேருக்கு அந்த அட்டை கிடைக்கும். நாலாவதாக வந்தாலும் ஒன்றுதான், நாற்பதாவதாக வந்தாலும் ஒன்றுதான்.

ஏன் நான் என்று கேட்பீர்கள். பை தூக்குகிறவருக்குக் கேடி என்று பெயர். தூக்குவது மட்டும் வேலையில்லை. தூரம், காற்று, நிலத்தின் சரிவு எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய பழைய கேடி வானத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள். நான் நிலம் அளக்கப் படித்தவன். அளந்து சொல்வேன்.

சிட்னிப் போட்டிகளுக்கு வரும்போது அவருக்கு உங்கள் வீட்டில் ஒரு அறையும், போய்வர உங்கள் காரும் வேண்டும். ஓமா இல்லையா என்று எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
இளங்கீரன்

*

துங்காபி, சிட்னி
24.11.2024

அன்பான தம்பிக்கு அக்கா சயந்தினி எழுதுவது.

நாங்கள் இருவரும் நல்ல சுகம். அத்தானுக்கு மட்டும் தோள்மூட்டில் நோ. இந்த வெக்கையில் நாள் முழுக்க மற்றவன் வீட்டு ஏசியைக் கூரையில் ஏற்றினால் நோகாமல் என்ன செய்யும்? உன் சாப்பாடு எப்படி? மறுமொழியில் எழுது. ‘சாப்பிட்டேன்’ என்று எழுதாதே. என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

அம்மா கோல் எடுத்தா. “என்ர பிள்ளை படிச்சுப்போட்டுக் கேடி வேலைக்குப் போறானாம்” என்று ஒரே அழுகை. கிளென் வேவர்லிக் கோயில் ஆட்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டா. “விளையாட்டுத்துறை ஆலோசகர் எண்டு சொல்லுங்கோ” என்றேன். இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறா. நீ போய்க் கெடுக்காதே.

ராகவிக்கு அறை என்று நீ கேட்க வேண்டுமா? பின்னறையை ஒதுக்கிவிட்டேன். காரும் தருவோம். சனி ஞாயிறில் அத்தானுக்கு வேலை வந்தால் ரெயினில் போவார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் உன்னை வரச் சொன்னாளா, நீயாகப் போனாயா?

நேரத்துக்கு நித்திரை கொள்.

அன்புடன்,
அக்கா

*

டார்னெய்ட்
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் தோள் எப்படி? நேற்று இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். போதுமா?

நானாகத்தான் போனேன். அவருக்கு வேறு ஆள் இல்லை. அதனால் ஓம் என்றார்.

மெல்பேர்ணில் முதல் போட்டி முடிந்தது. ஆறாம் இடம். பட்டியலிலும் ஆறு. மோசமில்லை, ஆனால் மூன்று வேண்டும். எங்கே அடிகள் வீணாகின்றன என்று கணக்குப் பார்த்தேன். தூர அடிகளில் குறை இல்லை, அவர் கையில் இரும்பு மட்டை கம்பாஸ் மாதிரி. வீணாவது கிரீனில்தான். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குத்தான் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை உருட்டிக் குழியில் விழுத்த வேண்டும். நிலம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் பந்து விலகும்.

அந்தச் சரிவை அவர் எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? காலால். பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு காலையும் அகட்டி நின்று கண்ணை மூடுகிறார். எந்தக் காலில் பாரம் கூட என்று பார்க்கிறாராம். இருபத்தோராம் நூற்றாண்டு அக்கா. நிலம் அளக்கும் நாங்கள் பாவிக்கிற லெவல் என்ற கருவி, ஒரு சோப்புப் பெட்டி அளவுதான், பத்தில் ஒரு பாகைவரை சரிவைச் சொல்லும்.

நான் “இடப்பக்கம் ரெண்டு வீதம்” என்கிறேன். அவர் “நிச்சயமாத் தெரியுமா?” என்கிறார். நான் “ஓம்” என்கிறேன். பந்து வலப்பக்கம் போகிறது. “உனக்குத் தெரியாது எண்டு ஒருக்காலாவது வாயைத் திறந்து சொல்லடா” என்று முழு ஆட்களுக்கும் கேட்கக் கத்தினார். கண்ணால் குத்துமதிப்பாகச் சொன்னதால் வந்த பிழை அது. அடுத்த முறை வராது. அதற்கு வழி வைத்திருக்கிறேன்.

ஜனவரி தொடக்கத்தில் அவர் அங்கே வருவார். நான் மாதக் கடைசியில் வருகிறேன். சுகத்துக்கு எழுதுங்கள்.

இளங்கீரன்

*

துங்காபி
16.01.2025

அன்பான தம்பிக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. எல்லோரும் சுகம். உனக்கு இருமல் என்று அம்மா சொன்னா, மாறிவிட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி.

ராகவி வந்து பத்து நாளாகிறது. வீட்டில் ஒரு ஆள் கூடியிருக்கிறது என்பதே தெரியவில்லை. விடிய எழும்பிப் பயிற்சிக்குப் போகிறாள், வந்து என்னோடு குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாள். பெரியாக்களோடு மட்டும் அவளுடைய தமிழ் இன்னும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத் தமிழ்தான். அத்தானிடம் “தாங்கள் உணவு அருந்தினீர்களா?” என்று கேட்டாள். மனுசன் பின்னால் திரும்பி யாரைக் கேட்கிறாள் என்று பார்த்தார்.

பொங்கலுக்கு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லும்போது ஐயர் “பிள்ளை என்ன செய்யிறா?” என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அவளே “நான் கால்ஃப் விளையாடுகிறேன் ஐயா” என்றாள். “அது சரி, என்ன வேலை?” என்றார். அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன கிழமை இங்கே பையைத் தானே தூக்கி ஆடிய போட்டிக்குப் பிறகு பட்டியலில் நாலாவது என்றாள். உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே முப்பதாம் திகதி தொடங்கும் போட்டியில் நன்றாக ஆடினால் மூன்றுக்குள் வந்துவிடலாமாம். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நிலம் சரிவு. வெறுங்காலோடு அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டு மோனிகா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உங்க வீட்ல யோகா கிளாஸ் ஆரம்பிச்சிருக்கீங்களா?” என்கிறாள்.

வரும்போது குளிருடுப்பு வேண்டாம். இங்கே நெருப்பு.

அன்புடன்,
அக்கா

*

டார்னெய்ட்
03.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்ற எல்லாம் கெட்டுவிட்டது. நேற்று உங்களிடம் சொல்லாமல் வந்ததற்குக் கோபிக்காதீர்கள். அங்கே நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ராகவியக்கா பயிற்சித் திடலில் நின்றபோது நான் பதினெட்டுக் கிரீன்களிலும் என் லெவலை வைத்து அளந்தேன். போட்டி நடத்துபவர்கள் ஆளுக்கொரு சின்னக் கையேடு தருவார்கள், மைதானத்தின் படங்களோடு. அளந்த எண்களை அதில் எழுதினேன். அவர் காலால் சொன்னதையும் பக்கத்திலேயே எழுதினேன், ஒப்பிட்டுப் பார்க்க.

நாலாம் நாள், பன்னிரண்டாவது குழி. அப்போது இரண்டாம் இடம். கிரீனில் குழிக்கு ஏழு மீற்றர். நான் கையேட்டைப் பார்த்துச் சொன்னேன், அவர் அடித்தார், விழுந்தது. அடுத்த குழிக்கு நடக்கும்போது நல்ல சந்தோஷத்தில் கேட்டார்:

“எப்பிடியடா அவ்வளவு சரியாச் சொன்னனீ?”

“லெவல் வைச்சு அளந்தனான்.”

நின்றுவிட்டார். “என்னத்தை வைச்சு?”

“லெவல். செவ்வாய்க்கிழமை. எல்லாக் கிரீனும்.”

கையேட்டைக் கேட்டார், கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

“ஒருத்தரும் காணேல்லை அக்கா” என்றேன்.

“நான் கேட்டிட்டன்” என்றார்.

கண்ணால் பார்த்ததை எழுதலாம், காலால் உணர்ந்ததை எழுதலாம், கருவியால் அளந்ததை எழுதக் கூடாது. அதுதான் இந்தப் போட்டியின் விதி. தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு என்ற வரியை நான் பார்த்தேன். அடுத்த வரியைப் பார்க்கவில்லை. அடுத்த வரியில்தான் இது இருந்தது. தண்டம் இரண்டு அடி, அடித்த கணக்கில் கூட்டுவார்கள்; குறைந்த அடியில் முடிக்கிறவர்தான் முன்னுக்கு. அதற்குப் பிறகு அவர் கையேட்டையும் என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. முடிவு ஒன்பதாம் இடம். பட்டியலில் ஏழுக்குப் போய்விட்டார்.

என் பிழை, சரி. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு மிச்ச ஆறு குழியையும் ஆடியிருக்கலாம். பதினொரு வருட உழைப்பை ஒரு கை உயர்த்தலில் கொட்டிவிட்டார். எனக்கு அது விளங்கவில்லை. நடுவரிடம் கையெழுத்து வைக்க அவர் போனபோது நான் விமான நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

இன்னும் ஒரு போட்டி இருக்கிறது. மார்ச் ஆறாம் திகதி, இங்கே மெல்பேர்ணில். அதில் புள்ளி இரண்டு மடங்கு. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் இப்போதும் அட்டை கிடைக்கும். வெளிநாட்டு முன்னணி ஆட்களுக்கும் எங்கள் பட்டியலில் முதல் ஐந்து பேருக்கும் நேரடி இடம். மற்றவர்கள் மூன்றாம் திகதி திங்கட்கிழமை ஒரு நாள் தகுதிப் போட்டி ஆட வேண்டும். அதில் இரண்டே இடம். முடியாத காரியமில்லை. அவரிடம் சொல்லுங்கள்.

இளங்கீரன்

பி.கு.: உங்கள் கார்ச் சாவி என் பொக்கற்றில் வந்துவிட்டது. தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

*

துங்காபி
09.02.2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

சாவி வந்து சேர்ந்தது.

ராகவி நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். மட்டைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துப் பையில் போட்டாள். பையை கராஜில் புல்லு வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள், அத்தான் வைத்தார். முன்வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் பின்னேரத்தில் வருகிறார்கள். பிளாஸ்டிக் பந்தை வைத்து அவர்களுக்கு அடிக்கப் பழக்குகிறாள். நல்ல பொறுமை.

அவளுக்கு ஃபோன் எடுக்காதே.

அக்கா

*

டார்னெய்ட்
12.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமா.

நீங்கள் எழுதியது கடிதமா, வானிலை அறிக்கையா? நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தகுதிப் போட்டிக்குப் பதிய 21ஆம் திகதி வெள்ளி மாலை ஐந்து மணி கடைசி. பதிந்துவிட்டாரா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

பிளாஸ்டிக் பந்தா? பை கராஜிலா? இரண்டு கிழமை மட்டை தொடாவிட்டால் கை மறந்துவிடும். முன்வீட்டுப் பிள்ளைகளைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

விதிப் புத்தகத்தை முழுவதும் வாசித்துவிட்டேன். அடிக்குறிப்புகளையும். இனி அந்த வகைப் பிழை வராது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவருக்கு இரண்டு மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. தோள் நோவா?

இளங்கீரன்

*

டார்னெய்ட்
19.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். எனக்கு அது பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

இதோடு ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். அதைப் பிரிண்ட் எடுத்து ராகவியக்காவிடம் கொடுங்கள். அட்டவணை. அவருக்கு விளங்கும், ஆனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தச் சிட்னிக் கையேட்டை எறியப் போனேன். எறிய முதல் ஒரு கணக்குப் பார்த்தேன். பதினெட்டுக் கிரீன். இடப்பக்க நிரலில் என் லெவல் சொன்னது, வலப்பக்க நிரலில் அவர் கால் சொன்னது. பதினாறில் இரண்டும் ஒன்று. இரண்டில் மட்டும் வேறு வேறு. அந்த இரண்டிலும் பந்து எந்தப் பக்கம் போனது என்று தொலைக்காட்சிப் பதிவைத் தேடிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் கால் சொன்ன பக்கம். லெவல் வைத்த இடத்தின் சரிவைத்தான் லெவல் சொல்லும். புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, பந்து எங்கே வேகம் குறையும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

போன சனி ஞாயிறு இங்கே ஊர்க் கால்ஃப் மைதானத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானும் கண்ணை மூடி நின்று பார்த்தேன். பாதிக்குப் பாதி பிழை. அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது, கீழே.

ஆகவே என் கருவி அவருக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. தண்டம் இரண்டு அடியும் ஒன்றுமில்லாததற்குப் போனது. இதை அவர் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளி மாலை ஐந்து மணி.

இளங்கீரன்

*

துங்காபி
22.02.2025

அன்பான தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீ சாப்பிடாமல் மெலிந்துபோய் இருப்பதாக அம்மா சொன்னா. சாப்பிடு.

அவள் பதிந்துவிட்டாள். நேற்று நாலரை மணிக்கு. இதை முதலில் எழுதாவிட்டால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய்.

இனி நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டவள்.

அன்றைக்கு நீ விமான நிலையத்துக்குப் போனாய் அல்லவா? கார்ச் சாவி உன் பொக்கற்றில். அவளுடைய ஃபோன் காருக்குள். கார் பார்க்கில் அந்தப் பையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். நீ வருவாய் என்றுதான் முதலில் நினைத்தாளாம். சாமான் ஏதோ எடுக்கப் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்று. எல்லோரும் போய் முடியும்வரை நின்றிருக்கிறாள். பிறகு கிளப் ஆட்களின் ஃபோனை வாங்கி எங்களுக்கு எடுத்தாள். அத்தான் மற்றச் சாவியைக் கொண்டு ரெயின் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அத்தான் உன் மெசேஜுக்குப் பதில் போடாதது தோள் நோவால் இல்லை.

அந்தக் கார் பார்க்கில்தான் கிளப் மனேஜர் அவளைக் கண்டு கதைத்திருக்கிறார். அவள் தானே நடுவரைக் கூப்பிட்டது அவருக்குத் தெரியும். அப்படியான ஆள்தான் தங்களுக்கு வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குப் பழக்கும் வேலை, நிரந்தரம், விசாவும் தாங்களே பார்ப்பார்களாம். மார்ச் மூன்றாம் திகதி தொடக்கம். உன் தகுதிப் போட்டி நடக்கும் அதே திங்கட்கிழமை. அவள் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். நான் எழுதிய அந்தக் கடிதத்தில் வரிகளுக்கு நடுவில் முழுக்க இதுதான் இருந்தது, நீ வாசிக்கவில்லை.

உன் தாளைக் குசினி மேசையில் வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தாள். பிறகு சொன்னாள்: “அக்கா, இவன் ஒரு விசரன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் டேபிள் போட்டு அனுப்பியிருக்கிறான்.” சொல்லிவிட்டுக் கீழே நீ பிழை விட்ட கிரீன்களை விரலால் எண்ணிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. “என்ர கால் சரி எண்டு எனக்கே தெரியாமல் இருந்தது” என்றாள். பிறகு கம்ப்யூட்டரைக் கேட்டாள்.

பதிந்த கையோடு கிளப்புக்கும் எடுத்து, ஒரு கிழமை பிந்தி வரலாமா என்று கேட்டாள். பிள்ளைகள் ஏற்கெனவே பதிந்துவிட்டார்கள், காத்திருக்க முடியாது, வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். போய்ப் புல்லு மெஷினுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள்.

உனக்கு அவள் சொல்லச் சொன்னது: “தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லுவான் எண்டால் பை தூக்க வரச் சொல்லுங்கோ. இல்லாட்டில் நானே தூக்குவன்.”

அன்புடன்,
அக்கா

*

டார்னெய்ட்
03.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ராகவியக்காவும் நலம், பக்கத்து அறையில் காலில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவரை விமான நிலையத்தில் கண்டவுடன் சாவி விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். “ஓட்டு, ட்ராஃபிக் வரப்போகுது” என்றார்.

இன்று நாற்பத்தைந்து பேர், இரண்டு இடம். கையேட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை. கிரீனில் இரண்டு பேரும் கால் அகட்டி நின்று பார்த்தோம். நான் சொன்னதில் எட்டு சரி, நாலு பிழை, கடைசிக் கிரீனைத் தவிர மிச்சத்தில் அவர் என்னைக் கேட்கவில்லை.

கடைசிக் கிரீன். நாலு மீற்றர். விழுந்தால் இரண்டாம் இடத்துக்குச் சமம், விழாவிட்டால் வீடு. என்னைப் பார்த்தார். நான் போய் நின்றேன். இடக்காலா வலக்காலா என்று ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு தரம் நின்றேன். பின்னால் நின்ற ஜோடி முறைக்கத் தொடங்கிவிட்டது.

“தெரியேல்லை அக்கா” என்றேன்.

“உண்மையாவோ?”

“ஓம். உண்மையாத் தெரியேல்லை.”

“எனக்கும் தெரியேல்லை” என்றார், வாய் நிறையச் சிரிப்போடு. “அப்ப நேராய் அடிப்பம்.”

விழுந்தது.

இரண்டாம் இடத்துக்கு இரண்டு பேர் சமம் என்றபடியால் மேலதிகக் குழி ஆட வேண்டும். முதல் குழியில் சமம். இரண்டாவதில் பேர்த்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை மணற்குழியிலிருந்து நேரே குழிக்குள் அடித்துவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லை. ராகவியக்கா போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவர் முதல் ரிசேர்வ். போட்டிக்குரிய நூற்றிருபது பேரில் யாராவது விலகினால் அல்லது நேரத்துக்கு வராவிட்டால் அவருக்கு இடம். வியாழன் காலை முதல் ஆள் அடிப்பதிலிருந்து கடைசி ஆள் அடிக்கும்வரை தயாராக நிற்க வேண்டும். ஒருவரும் விலகாவிட்டால் அவ்வளவுதான்.

எனக்கு எதுவும் செய்யத் தெரியும். சும்மா நிற்கத் தெரியாது. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இளங்கீரன்

*

துங்காபி
04.03.2025

தம்பி இளங்கீரனுக்கு அத்தான் இந்திரகுமார் எழுதிக்கொள்வது.

எல்லாரும் சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, உன்ர அக்கா பக்கத்தில நிண்டு எழுது எழுது எண்டுறா. உன்னோட எனக்கிருந்த கோபத்தை ராகவியே விட்டிட்டாள், பிறகு நான் என்னத்துக்கு வைச்சிருக்கிறன்?

பதினொரு வருசம் விசாவுக்குக் காத்திருந்த ஆள் எண்ட முறையில சொல்லுறன். ஒண்டு, இருக்க விடாத. இருந்தால் இண்டைக்கு இல்லை எண்டு உடம்பு முடிவு கட்டிப்போடும். நிக்கச் சொல்லு. சப்பாத்தைக் கழட்ட விடாத. ரெண்டு, எவன் வரேல்லை எண்டு ஆக்களின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. அது ஆளைக் கெடுக்கும். உங்கட வேலையைச் செய்யுங்கோ. கூப்பிட்டால் போங்கோ. மூண்டு, சாப்பாடு கொண்டு போ. எனக்குக் கடைசியாக் கூப்பிட்ட நாள் நான் சாண்ட்விச் வாங்கப் போயிருந்தனான். உன்ர அக்காதான் ஓடி வந்து இழுத்துக்கொண்டு போனவ.

தோள் இப்ப பரவாயில்லை. கோயிலில ராகவியின்ர பேரில அர்ச்சனை செய்தனாங்கள். இந்த முறை ஐயர் வேலை என்ன எண்டு கேக்கேல்லை.

அத்தான்

*

டார்னெய்ட்
2025 மார்ச் 5, புதன், மாலை ஏழு பத்து. பட்டியலில் நூற்றிருபது பேர். ராகவியக்கா நூற்றிருபத்தொன்று.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் சுகத்துக்கும் அத்தானின் தோளுக்கும் எழுதுங்கள். இன்று மாலைவரை ஒருவரும் விலகவில்லை. ராகவியக்கா அந்தச் சிட்னிக் கிளப்பை நினைக்கிறாரா என்று கேட்டேன். “தெரியாது” என்றார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. பிறகு சொன்னார்: “நாளைக்கு இடம் கிடைக்காட்டில் இங்கிலாந்துக்குப் போய் அடியில இருந்து தொடங்குவன். கிடைச்சால் மேல இருந்து தொடங்குவன். ரெண்டுக்கும் நாளைக்கு ஒரே நேரத்துக்குத்தான் எழும்ப வேணும்.” யாரும் அடியிலிருந்து ஏறுவதில்லை என்று உங்களுக்கு நவம்பரில் எழுதினேன். அதை வெட்டிவிடுங்கள்.

நாளைக்கு நான் செய்யப் போவது:

1. ஐந்து மணிக்கு எழும்புவது. சோறும் கோழிக்கறியும் கட்டுவது, இரண்டு பேருக்கும். சாண்ட்விச் இல்லை.

2. பதினான்கு மட்டைகளையும் எண்ணிப் பையில் வைப்பது. லெவல் ஒஃபிஸ் லொக்கரில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

3. முதல் ஆள் அடிக்க அரை மணி முன்பே போய் நிற்பது. இருப்பதில்லை.

4. யார் வரவில்லை என்று பார்ப்பதில்லை. பந்தைத் துடைப்பது. துடைத்து முடிந்தால் திரும்பத் துடைப்பது.

5. கூப்பிட்டால், கிரீனில் அவர் கேட்கும்போது கால் சொன்னதைச் சொல்வது. கால் ஒன்றும் சொல்லாவிட்டால் அதைச் சொல்வது.

6. காரைப் பூட்டியவுடன் சாவியை ராகவியக்காவிடம் கொடுப்பது. கடைசி ஆள் அடித்துப் போகும்வரை திரும்பக் கேட்பதில்லை.

அன்புடன்,
இளங்கீரன்